கேட்டைச் சாத்திவிட்டுப் போகவும்

ஷெஃபீல்டில் போய் இறங்கிய மூன்றாவது நாள், மாப்பிள்ளை ஒரு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

‘‘மச்சான், நாளைக்கு நடக்கப் போறோம்.’’

‘‘எங்கே?’’

‘‘சும்மா. நடக்கத்தான்.’’

எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்து நடப்பதில் இரண்டே வகை. பஸ் வராததால் நடப்பது, டாக்டர் சொன்னதால் நடப்பது. இரண்டாவதில் எனக்கு மூன்று வருட அரியர்ஸ் இருக்கிறது. லீவு நாளில் காசு கொடுத்து ரயிலேறி, இன்னொரு ஊரில் இறங்கி, ஒரு வேலையும் இல்லாமல் மலையேறி இறங்கிவிட்டு வீடு திரும்புவதை எந்தக் கணக்கில் எழுதுவது? பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரிக் கவலைதான் முதலில் வரும்.

2023, ஜூன் மாதம். என் தங்கை அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். தொடர்ந்து நாலு நைட் டியூட்டி பார்த்த களைப்பில் இருந்தவள், ‘‘போய்ட்டு வரலாம்ணே, நல்லாருக்கும்’’ என்று அவளும் பூட்ஸ் மாட்டிக்கொண்டாள். டிபன் பாக்ஸில் தயிர்சாதம். இங்கிலாந்தின் மலைகளைப் பார்க்கக் கிளம்பும் தமிழ்க் குடும்பம் வேறு என்ன எடுத்துக்கொண்டு போகும்?

மான்செஸ்டர் போகும் பாசஞ்சர் ரயில். ஊர் எல்லை தாண்டியதும் டோட்லி என்று ஒரு சுரங்கப்பாதை வருகிறது. ஐந்தரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். எப்போது முடியுமோ என்று நினைக்க வைக்கிற இருட்டு. முடிந்ததும் ஜன்னலில் வேறு உலகம். பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. குறுக்கும் நெடுக்குமாகக் கல் சுவர்கள், வெள்ளைப் புள்ளிகளாக ஆடுகள். ஈடேல் என்ற ஸ்டேஷனில் எங்களோடு ஒரு முப்பது பேர் இறங்கினார்கள். எல்லார் காலிலும் பூட்ஸ், எல்லார் முதுகிலும் பை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி கைக்கு ஒரு குச்சியோடு விறுவிறுவென்று முன்னால் போனார்கள். எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

ஈடேல் என்பது டெர்பிஷயர் மாவட்டத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய கிராமம். ஒரு சர்ச், சில வீடுகள், ‘ஓல்டு நேக்ஸ் ஹெட்’ என்று பழைய பப் ஒன்று. அந்த பப் வாசலில்தான் பென்னைன் வே என்கிற நெடுநடைப் பாதை ஆரம்பிக்கிறது. 268 மைல். கிட்டத்தட்ட சென்னையிலிருந்து மதுரை. வடக்கே ஸ்காட்லாந்து எல்லை தாண்டிப் போய் முடிகிறது. 1965இல் திறந்தார்கள். வழியில் சதுப்பான பல இடங்களில், இடித்துப்போட்ட பழைய பஞ்சாலைகளின் தரைக்கற்களைக் கொண்டுவந்து பதித்திருக்கிறார்கள். மில் தொழிலாளிகள் தேய்த்த கற்களை இப்போது லீவு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் தேய்க்கிறார்கள்.

நாங்கள் பென்னைன் வே பக்கம் போகவில்லை. என் முழங்காலின் நிலவரத்தை யோசித்து மாப்பிள்ளை சின்னதாக ஒரு நடை வகுத்திருந்தார். ஈடேலிலிருந்து தெற்கே வயல்களைத் தாண்டி, ஹாலின்ஸ் கிராஸ் என்கிற மலைக்கணவாய் மேல் ஏறி, அந்தப் பக்கம் காசில்டன் என்ற ஊரில் இறங்குவது. ஐந்தாறு கிலோமீட்டர்தான்.

மாப்பிள்ளை பையிலிருந்து ஒரு மேப்பை எடுத்து விரித்தார். ஆரஞ்சு அட்டை போட்ட ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம். நாலு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. ஒவ்வொரு வயலின் வரப்பும், அதாவது கல் சுவரும் அதில் இருக்கிறது. அதன் மேலெல்லாம் பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள். யாரோ தையல் போட்ட மாதிரி.

‘‘இந்தப் பச்சைக் கோடெல்லாம் நாம நடக்கலாம் மச்சான்.’’

‘‘இது வயலுக்கு நடுவுல போகுதே?’’

‘‘ஆமா.’’

‘‘வயல் யாரோடது?’’

‘‘யாரோடதோ. நமக்கென்ன?’’

எனக்கு அடிவயிற்றில் லேசாக ஒரு கலக்கம். அடுத்தவன் நிலத்தில் கால் வைக்கும்போது யாராவது கத்தப் போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு போகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ரோட்டோரத்தில் ஒரு மரக்கம்பம், அதில் ‘பொதுநடைபாதை’ என்று எழுதி ஒரு கை காட்டி. அது காட்டிய இடத்தில் பாதை எதுவும் இல்லை. ஒரு கல் சுவர்தான் இருந்தது. சாந்து, சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர். உற்றுப் பார்த்தால் அதிலேயே இரண்டு மூன்று நீளக் கற்களைப் படி மாதிரி நீட்டிவிட்டிருக்கிறார்கள். ஏறித் தாண்டிக்கொள்ள வேண்டியது. ஆடு தாண்டாது, ஆள் தாண்டலாம். இதற்குப் பெயர் ஸ்டைல். நான் தாண்டியதில் பெயருக்கேற்ற எதுவும் இல்லை என்று தங்கை எடுத்த போட்டோ சொல்கிறது.

இன்னொரு இடத்தில், வளைந்த கூண்டுக்குள் ஆடுகிற மாதிரி ஒரு சின்ன கேட். ஒருத்தர் உள்ளே நுழைந்து, கதவை மறுபக்கம் தள்ளிவிட்டு, வெளியேற வேண்டும். எந்தப் பக்கம் தள்ளினாலும் கதவு கூண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மாடு வெளியே போக முடியாது. ‘‘இதுக்குப் பேரு என்ன மாப்ளே?’’ என்றேன். மாப்பிள்ளை தங்கையைப் பார்த்தார். தங்கை ஆட்டைப் பார்த்தாள். ‘‘கிஸ்ஸிங் கேட்’’ என்றார் கடைசியில், மிகவும் தாழ்ந்த குரலில்.

மூன்றாவது வயல் தாண்டியதும் வந்தது சோதனை. மஞ்சள் அம்பு ஒன்று நேராக ஒரு பண்ணை வீட்டைக் காட்டியது. வீட்டுப் பக்கம் இல்லை சார், வீட்டு முற்றத்துக்குள். ஒரு பக்கம் டிராக்டர், இன்னொரு பக்கம் கொடியில் துணி. சமையலறை ஜன்னல் திறந்திருக்கிறது. நான் நின்றுவிட்டேன்.

‘‘சுத்திப் போயிடலாம் மாப்ளே.’’

‘‘சுத்திப் போனாத்தான் மச்சான் தப்பு. அது அவங்க இடம். இது பாதை.’’

அதற்குள் ஒரு நாய் குரைத்தது. ஒரு அம்மாள் வெளியே வந்தார். போச்சு என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியத்தை மனசுக்குள் ஆங்கிலத்தில் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டு, நாய் குரைத்ததற்கு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு கையை நீட்டி, ‘‘பாதை அந்தப் பக்கம். கேட்டை மட்டும் சாத்திவிட்டுப் போங்கள், ஆடு இருக்கிறது’’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். நாங்கள் அவர் வீட்டு முற்றத்தின் குறுக்கே நடந்து போனோம். கேட்டைச் சாத்தினேன். சரியாகச் சாத்தியிருக்கிறேனா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தேன்.

இது அந்த அம்மாளின் நல்ல குணத்தால் மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இந்த மாதிரிப் பொது வழிகள் சுமார் 1,40,000 மைல் இருக்கின்றன. 1949இல் ஒரு சட்டம் போட்டு, எந்தெந்த வழியில் ஜனங்களுக்கு உரிமை என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து, வரைபடத்தில் ஏற்றினார்கள். அதில் ஏறிவிட்டால் அதுவே ஆதாரம். நிலம் சொந்தக்காரருடையது. அவர் விற்கலாம், உழலாம், மாடு மேய்க்கலாம். ஆனால் பாதையை மறிக்கக் கூடாது. வயலுக்கு நடுவே போகிற பாதையை உழுதுவிட்டால், முதல் உழவுக்கு 14 நாளில் மறுபடி நடக்கிற மாதிரி சரிசெய்து தர வேண்டும். பிறகு விதைக்க, பரம்படிக்க என்று மண்ணைக் கிளறினால் 24 மணி நேரம்தான் கெடு. பால் கறவை இனக் காளையைப் பாதை போகிற வயலில் விடக்கூடாது என்றுகூட விதி இருக்கிறது. (மற்ற இனக் காளையைப் பசுக்களோடு விடலாமாம். இனத்தைத் தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். மாப்பிள்ளை வேகமாக நடக்கச் சொன்னார்.)

வரைபடத்தில் இல்லாத பாதையாக இருந்தால்? ஜனங்கள் இருபது வருடம் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு வழியில் நடந்திருந்தால், நிலக்காரரே அதைப் பொதுவுக்குத் தந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று மறுப்பதென்றால் அவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். ஒருமுறை பாதை என்றால் எப்போதும் பாதை என்பது அவர்கள் கோர்ட்டுகளில் பழைய வாசகம்.

நான் படித்த அக்கவுன்டன்ஸியில் எந்தச் சொத்தும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். வருடாவருடம் தேய்மானம் கழிக்க வேண்டும். நடக்க நடக்க மதிப்பு ஏறுகிற சொத்துக்கு எந்தப் பக்கம் என்ட்ரி போடுவது என்று எங்கள் பேராசிரியர் சொல்லித் தரவில்லை.

அதற்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். முள் மண்டி, அம்புக்குறி மக்கிப்போன பாதைகளை நானே பார்த்தேன். அன்று முழுக்க நடந்ததில் எங்கள் நிறத்தில் ஒரே ஒரு குடும்பத்தைத்தான் சந்தித்தோம். அவர்களும் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

ஹாலின்ஸ் கிராஸ் ஏற்றம் என்னைக் கொன்றுவிட்டது. பத்தடிக்கு ஒருமுறை ‘‘என்ன அழகு!’’ என்று சொல்லி நின்று மூச்சு வாங்கினேன். உச்சியில் ஏறித் திரும்பினால் ஈடேல் மொத்தமும் காலடியில். எதிரே, பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம், வானத்தை மறித்துக்கொண்டு ஒரு நீண்ட மேட்டுநிலம்.

‘‘அதுதான் கிண்டர் ஸ்கவுட். 636 மீட்டர்’’ என்றார் மாப்பிள்ளை. ‘‘இங்க நடக்குறதுக்காக ஜெயிலுக்குப் போயிருக்காங்க மச்சான்.’’

நம்ம ஊரில் உப்புக் காய்ச்ச நடந்து ஜெயிலுக்குப் போன கதை தெரியும். இந்தக் கதை எனக்குத் தெரியாது. தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். வீட்டுக்கு வந்து படித்தும் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் கிண்டர் மேட்டில் ஜனங்கள் கால் வைக்க முடியாது. பிரபுக்களும் பணக்காரர்களும் க்ரௌஸ் என்கிற காட்டுக் கோழியைச் சுட்டு விளையாட ஒதுக்கிய இடம். காவலுக்குத் தடியோடு ஆட்கள். கீழே இரண்டு பக்கமும் மான்செஸ்டர், ஷெஃபீல்டு. வாரம் முழுக்க மில்லிலும் உலைக்களத்திலும் புகை குடித்த ஜனங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மூச்சு விட இருந்த ஒரே மலை அதுதான். 1932, ஏப்ரல் 24. ஹேஃபீல்டு என்ற ஊரிலிருந்து சுமார் நானூறு பேர் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். தலைமை தாங்கியவர் பென்னி ராத்மன், வயது இருபது, வேலையில்லாத மெக்கானிக், கம்யூனிஸ்ட். காவல்காரர்களோடு கைகலப்பு. அதே நாள் இன்னொரு கூட்டம், நாங்கள் ரயிலில் வந்து இறங்கிய இதே ஈடேலிலிருந்து ஏறிப்போய் மேலே அவர்களோடு சேர்ந்துகொண்டது. இறங்கி வந்தவர்களைப் போலீஸ் பிடித்தது. ஐந்து பேருக்கு இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நாலு மாதம்.

இதில் ஒரு வேடிக்கை, அன்றைய நடைச் சங்கங்களின் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பிரபுக்களிடம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதை இந்தப் பையன்கள் கெடுத்துவிட்டார்கள் என்று கோபம். ஆனால் அந்தத் தண்டனை ஜனங்களை உசுப்பிவிட்டது. 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட்தான் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 2000இல் வந்த சட்டம் இந்த மாதிரித் திறந்த மலை நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்றது. இங்கே அது நடைமுறைக்கு வந்தது 2004இல். அதற்கு முன்பே, 2002 ஏப்ரலில், அத்துமீறலின் எழுபதாம் ஆண்டு விழாவில், கிண்டரை அன்று வைத்திருந்த டெவன்ஷயர் பிரபுவின் பேரன் மேடையேறி, தன் தாத்தா செய்தது தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பென்னி ராத்மன் அதைக் கேட்கவில்லை. அந்த வருடம் ஜனவரியில்தான் இறந்துபோயிருந்தார்.

மாப்பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டு, நாங்கள் இறங்கப்போகிற பக்கத்தைக் காட்டினார். கீழே காசில்டன். சர்ச், குன்றின் மேல் ஒரு பழைய கோட்டை, கொஞ்சம் தள்ளி சிமென்ட் ஃபேக்டரியின் புகைபோக்கி.

‘‘இந்தப் பாதைக்கு சவப்பெட்டிப் பாதைன்னு பேரு மச்சான். அந்தக் காலத்துல ஈடேல்ல சர்ச் கிடையாது. யாராவது செத்துப்போனா இப்படித்தான் மலை மேல தூக்கிட்டு வந்து, அந்தப் பக்கம் காசில்டன்ல புதைப்பாங்க. 1630கள்ல ஈடேலுக்குன்னு ஒரு கோயில் கட்டுற வரைக்கும்.’’

அவர் ஏதோ சுவாரசியமான தகவல் மாதிரித்தான் சொன்னார். தங்கை டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

எங்கள் அப்பாயி இறந்தது 1993 ஐப்பசியில். எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு ஏழு. எங்கள் தெருவிலிருந்து ஆற்றங்கரைக்கு ஒரு வண்டிப்பாதை உண்டு. ஒரு தென்னந்தோப்புக்கு நடுவே போகும். அரைக் கிலோமீட்டர் இருக்கும். பள்ளிக்கூடம் போனது, ஆற்றில் குளித்தது, மாடு ஓட்டியது, சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனது எல்லாம் அதில்தான். அந்த வருடம் கோடையில் தோப்பு கைமாறியது. முதலில் முள்வேலி வந்தது. பிறகு இரும்பு கேட். பிறகு பூட்டு. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று வேலியில் நுழைந்த என்னைத் தோப்புக் காவல்காரர் பிடித்துக் காதைத் திருகி, புத்தகப்பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அப்பா போய் நின்று வாங்கி வந்தார். மேலே நான் சொன்ன கலக்கம் அன்று வந்ததுதான்.

அப்பாயியின் பாடை கேட் முன்னால் வந்து நின்றது. நல்ல மழை. அப்பா கையில் கொள்ளிச்சட்டி. அது அணைந்துவிடாமல் யாரோ குடை பிடித்தார்கள். பறையும் நின்றுவிட்டது. ‘சாவி ஐயாகிட்ட இருக்கு, ஐயா ஊர்ல இல்ல’ என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பங்காளிகள் சிலர் சத்தம் போட்டார்கள். பூட்டை உடைக்கலாம் என்றார் ஒரு சித்தப்பா. அப்பா மட்டும், ‘‘அவங்க இடம். ரோட்டு வழியாப் போவோம்’’ என்றார். மூன்று கிலோமீட்டர் சுற்றி, மெயின் ரோட்டில், லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனோம்.

எங்கள் வீட்டுக்கு இது ஒருநாள் அவமானம். தலைமுறை தலைமுறையாக இதையே அனுபவிக்கிற தெருக்கள் உண்டு. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம், நிலக்காரர்கள் வழி விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

‘‘ஏண்ணே, அப்பா ஏன் அன்னைக்கு ஒண்ணுமே சொல்லல?’’ என்றாள் தங்கை. முப்பது வருடத்தில் அவள் அதைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பதில் தெரியவில்லை. காசில்டன் போய்ச் சேரும்வரை நாங்கள் அதிகம் பேசவில்லை. மாப்பிள்ளை தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து, டீக்கடையில் எனக்கு இரண்டு கேக் வாங்கிக் கொடுத்தார்.

சென்னை வந்ததும் என்னோடு பி.காம். படித்து, பிறகு வக்கீலான நண்பனிடம் போனேன்.

‘‘நம்மகிட்டயும் சட்டம் இருக்குடா. 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம். ஆரம்பத்துலயே மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தது. இருபது வருஷம் ஒரு வழியைத் தடையில்லாம, உரிமையா அனுபவிச்சிருந்தா அது உன் பாத்தியதை.’’

‘‘இருபது என்ன, நூறு வருஷம் நடந்திருப்பாங்க.’’

‘‘சரி. விட்டு எத்தனை வருஷம் ஆச்சு?’’

‘‘முப்பது.’’

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘‘இருபது வருஷம் அனுபவிக்காம விட்டா அந்தப் பாத்தியதை போயிடும்’’ என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘‘அது தனிப்பட்ட பாத்தியதைக் கணக்கு. பொது வழின்னா கதை வேற. முதல்ல புல வரைபடத்தை எடு. அதுல வண்டிப்பாதை போட்டிருக்கான்னு பாரு’’ என்றான்.

இப்போது அதற்குத் தாலுகா ஆபீஸில் காத்திருக்க வேண்டியதில்லை. வருவாய்த்துறை இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் வந்துவிடுகிறது. கறுப்புக் கோடும் எண்ணுமாக ஒரு படம். ஆர்ட்னன்ஸ் சர்வே மாதிரிக் கலர் எல்லாம் கிடையாது. ஆனால் தோப்பின் வடக்கு மூலையில் ஆரம்பித்து, நடுவே லேசாக வளைந்து, ஆற்றங்கரை வரை இரண்டு கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் போயின. இடையில் விட்டு விட்டுப் புள்ளி வைத்த மாதிரி.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு. கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்தவர், அதனால் எந்தப் பேப்பரைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். பார்த்தார். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, அந்த இரட்டைக் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். வளைவு வந்த இடத்தில் விரல் நின்றது.

‘‘இங்க ஒரு புளியமரம் நின்னுச்சு’’ என்றார். ‘‘உங்க அப்பாயி சுள்ளிக் கட்டை இதுல இறக்கி வச்சிட்டுத்தான் மறுபடி தூக்கும்.’’

பிறகு செருப்பு எங்கே என்று கேட்டார்.